இடப்பக்கத்து மூடி

போன மாதம் கண் கிளினிக்கில் என் முறை வந்தபோது, தாதிப் பிள்ளை கரண்டி மாதிரி ஒரு கறுப்புத் தகட்டைத் தந்து, இடக்கண்ணை மறைத்துக்கொண்டு வாசிக்கச் சொன்னாள். உங்களுக்கெல்லாம் பழகிய சங்கதிதான். நம் வயதுக்காரர் நாலு பேர் கூடினால் இப்போது பேச்சே கண்மருந்தில்தானே தொடங்குகிறது. யாருக்கு அழுத்தம், யாருக்குப் புரை, எந்தப் போத்தல் விட்டால் எரிகிறது என்று. நான் நல்ல பிள்ளையாக மறைத்துக்கொண்டு கடைசி வரிவரை வாசித்தேன். அடுத்து வலக்கண்ணை மறைக்கச் சொன்னபோது கை எழும்பவில்லை. என்னம்மா என்று கேட்டாள். கை உளைகிறது என்றேன். அது பொய். என் அப்பா சொன்ன ஒரு பொய் அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. எங்கள் வீடு தோட்டவெளிக்கும் மன்னார் டவுனுக்கும் இடையில், தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அப்பா பஸ் டிறைவர். தலைமன்னாரிலிருந்து பேசாலை வழியாக மன்னாருக்கு வரும் காலை பஸ் அவருடையது. மேலே கருவாட்டுச் சிப்பமும் பனம்பாயும் ஏற்றிக்கொண்டு, உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆசுபத்திரிக்குப் போகிறவர்களும் நெருக்கியடித்துக்கொண்டு அது வரும். எங்கள் ஒழுங்கை முனையில் அப்பா இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பார். ஒன்று எனக்கு, மற்றது அம்மாவுக்கு. கருவாட்டு மணத்தோடு பள்ளிக்கூடம் போனதற்கு டவுன் பிள்ளைகள் மூக்கைப் பொத்திப் பகிடி பண்ணுவார்கள். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அத்தனை பேரையும் கொண்டுபோகிற ஆள் என்னுடைய அப்பா.

அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்திய நாற்பது நாள் தபசுகாலம் தொடங்கச் சற்று முன்பு, அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கொழும்பிலிருந்து செங்கமாரியோடு வந்து இறங்கினார். அங்கே ஒரு கல்லூரி ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவி, கருவிகளைத் துடைத்து வைக்கிற வேலை அவருக்கு. கண்ணெல்லாம் மஞ்சள். இரண்டு மாத லீவு. அவருடைய பெட்டியில் உடுப்பைவிடக் கண்ணாடிச் சாமான்தான் கூட. தானே மாதக்கணக்காகத் தேய்த்து எடுத்த ஒரு குழிக் கண்ணாடி, தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற பீரிசைவிடக் கொஞ்சம் பெரிது, பழைய சாரத் துணியில் சுற்றி நடுவில் இருந்தது. அதைத் தொடப் போனேன். கையில் அடித்தார்.

கடற்கரையில் வள்ளம் கட்டுகிற ஓடாவியார் ஒருவர் பழைய வள்ளப் பலகையில் ஒரு நீளச் சதுரக் குழாய் செய்து கொடுத்தார். சுறா எண்ணெய் மணம் கடைசிவரை அதைவிட்டுப் போகவில்லை. குழாயின் அடியில் குழிக் கண்ணாடி. மேல்வாயால் வருகிற வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பிப் போய், மேலே ஒரு சின்னச் சாய்வுக் கண்ணாடியில் மோதி, பக்கத்து ஓட்டையில் பூட்டிய சின்ன வில்லைக் குழாயால் வெளியே வரும். அந்தச் சின்னக் குழாயில் ஒரு கண்ணை வைத்து மற்றதைப் பொத்திக்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு கிழமை அப்படித்தான் பார்த்தோம். நிலவு தெரிந்தது, வியாழனும் அதன் பக்கத்தில் நாலு பொட்டும் தெரிந்தன.

சித்தப்பாவுக்கு அது போதவில்லை. கல்லூரியில் உடைந்து கழித்துவிட்ட ஒரு நுணுக்குக்காட்டியின் தலையைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். இரண்டு கண்ணாலும் பார்க்கிற தலை. உள்ளே பட்டகங்கள் இருந்து வெளிச்சத்தை இரண்டாகப் பங்கு போட்டு, இரண்டு குழாய்க்கும் அனுப்பும். அதை இந்தத் தொலைகாட்டியில் பூட்ட வேண்டும் என்பது அவருடைய கனவு. "ஆண்டவர் ரெண்டு கண் தந்தது ஒண்டைப் பொத்திக்கொண்டு பாக்கிறதுக்கே, அண்ணை?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா சிரித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். அந்தச் சிரிப்பை நான் பிறகு எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

பூட்டினால் ஒன்றும் தெரியவில்லை. நிலவு கஞ்சி மாதிரிக் கலங்கிக் கிடந்தது. இரட்டைக்கண் தலைக்குள் வெளிச்சம் சுற்றிப் போகிற வழி நீளம். உருவம் கண்ணுக்கு வந்து சேர முன்பே கூடிக் கலைந்துவிடுகிறது என்று சித்தப்பா விளக்கினார். குழிக் கண்ணாடியை மேலே தூக்கி வைத்தால்தான் சரிவரும். அதற்குக் குழாயின் அடியில் ஆறு விரல் வெட்ட வேண்டும். ஓடாவியார் வாளோடு வந்து, வெட்டினால் பிறகு ஒட்டித் தரச் சொல்லிக் கேட்கக் கூடாது என்று மூன்று தரம் சொன்னார். சித்தப்பா வெட்டச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தத் தொலைகாட்டியில் ஒற்றைக் கண்ணால் பார்க்கிற வழி இல்லாமல் போனது. பழைய ஒற்றைக் குழாயைப் போட்டால் நிலவு கூடவில்லை. இன்னொரு துண்டு வைத்து நீட்டலாம், செய்யவில்லை. எங்கள் வீட்டில் இனி எல்லாரும் இரண்டு கண்ணாலும்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் என்ன காட்சி! முதலில் இரண்டு நிலவு தெரியும். இரண்டு குழாயையும் பிடித்து நம் கண்ணின் அகலத்துக்கு நெருக்கியும் விலக்கியும் பார்க்க வேண்டும். எனக்கு நெருக்கம், அம்மாவுக்குக் கொஞ்சம் அகலம். பார்த்துக்கொண்டே இருக்க, இரண்டும் மெல்ல நகர்ந்து ஒன்றாகும். அந்தக் கணத்தில் நிலவு தட்டாக இராமல் உருண்டையாகிவிடும். கை நீட்டி எடுக்கலாம் போல இருக்கும். வெளிச்சம் பாதிப் பாதியாகப் போவதால் வானத்துச் சின்ன வெள்ளிகள் எல்லாம் மங்கிவிட்டன. நிலவுக்கு அது நல்லதாய்ப் போனது, கண் கூசவில்லை.

கடற்காற்றில் மணல் பறக்கிற இடம். சித்தப்பா என்னுடைய மைப்போத்தல் மூடிகள் இரண்டை எடுத்து, கண் வைக்கிற இரண்டு குழாய்க்கும் போட்டு வைத்தார். கறுப்பு மூடிகள். பார்க்க முன்பு எடுப்பதும் பார்த்த பின்பு போடுவதும் என் பொறுப்பு.

இதற்கு இடையில் அப்பாவைப் பற்றி ஊரில் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

மன்னார்த் தெருக்களில் கழுதைகள் திரிவது உங்களுக்குத் தெரியும். பஸ்ஸைக் கண்டாலும் அவை எழும்பாது. டிறைவர்மார்தான் பார்த்து ஒதுங்குவார்கள். தபசுகாலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு அடுத்த நாள் அப்பாவின் பஸ் தெருவின் இடப்பக்கம் நின்ற ஒரு கழுதையை இடித்துவிட்டது. பட்டப்பகல், நேர்த் தெரு. கழுதை செத்துப்போனது. பஸ்ஸில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. கழுதை பாய்ந்தது என்று டிப்போவில் எழுதிக் கொடுத்தார், எச்சரித்து விட்டார்கள். ஊர் அப்படி விடவில்லை. நின்ற கழுதை எப்படிப் பாயும் என்று கேட்டது.

அதற்கு முதலே சின்னச் சின்ன விஷயங்கள் இருந்தன. கோயில் வாசலில் இடது தோளை நிலையில் இடித்துக்கொண்டு உள்ளே போவார். அம்மா இடப்பக்கம் நின்று தேத்தண்ணி நீட்டினால் கை வெறும் காற்றைப் பிடிக்கும். யாராவது பேசினால் முழுக் கழுத்தையும் திருப்பிப் பார்ப்பார். கராம்பு சப்புகிற பழக்கமும் இருந்தது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்த ஊர், டிறைவர் குடிக்கத் தொடங்கிவிட்டார், மணத்தை மறைக்கக் கராம்பு போடுகிறார் என்று முடிவு கட்டியது. அம்மாவும் நம்பினாள். அவர் கழற்றிப் போட்ட சேட்டை எடுத்து மூக்கில் வைத்துப் பார்ப்பாள். ஒன்றும் மணக்காது. அதுவே அவளுக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. ஒரு நாள் நேரே கேட்டுவிட்டாள். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம்" என்றார். நான் அடுப்படியில் நின்று கேட்டேன். அப்பாவை அன்றைக்கு வெறுத்தேன், இப்போது சொல்வதற்கு என்ன.

எங்கள் கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆண்டவருடைய சிலுவைப் பாடுகளை இராகத்தோடு இழுத்து வாசிப்பது வழக்கம். ஏழு வருஷமாக அப்பாதான் வாசித்தார். அவருடைய தொண்டை அதற்கென்றே செய்தது. மாதா மகனைக் காண்கிற இடம் வரும்போது முன் வரிசையில் இருக்கிற பெண்கள் விம்முவார்கள், பின்னால் நிற்கிற கடல்காரர்கள் தோள் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொள்வார்கள். வருஷம் முழுக்க அப்பா காத்திருந்தது அந்த ஒரு பின்னேரத்துக்காகத்தான். அந்த வருஷம் கோயில் மூப்பர் வீட்டுக்கு வந்து, குடித்துத் திரிகிற வெறிக்குட்டி ஒருவர் அந்தப் புத்தகத்தைத் தொட்டால் சனம் ஏற்றுக்கொள்ளாது, குருவானவரான சுவாமிக்கும் சொல்லியாயிற்று என்று நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அன்றிரவு சாப்பிடவில்லை.

அதற்கு நாலைந்து நாள் கழித்து ஒரு பின்னேரம். சூரியன் விழுந்து வெளிச்சம் இன்னும் இருந்தது. மேலே அரைநிலவு. நான் முற்றத்தில் தொலைகாட்டியைத் திருப்பி வைத்து வலப்பக்கத்து மூடியைக் கழற்றினேன். அதற்குள் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, அம்மா கூப்பிட்டாள். பிடித்துக் கட்டிவிட்டு வந்தபோது அப்பா வேலையால் வந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சித்தப்பா. இரண்டும் ஒன்றாகிறதா என்று அவர் கேட்க, அப்பா உடனேயே ஒன்றுதான் என்றார். சித்தப்பா வாயைப் பிளந்தார். தனக்கே ஐந்து நிமிஷம் பிடிக்கிறது, அண்ணைக்கு என்ன கண் என்று எனக்கும் சொன்னார்.

அப்போதுதான் கண்டேன். இடப்பக்கத்துக் குழாயில் கறுப்பு மூடி இருந்தது. நான் எடுக்க மறந்த மூடி. அப்பா தன் இடக்கண்ணை அந்த மூடியின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ரெண்டு கண்ணாலையும் தெரியுதோ?"

"ஓம், மகள். ரெண்டு கண்ணாலையும் வடிவாத் தெரியுது."

சித்தப்பா மற்றப் பக்கம் நின்றதால் அவருக்கு மூடி தெரியவில்லை. அப்பா நிமிர்ந்தபோது அவருடைய இடக்கண்ணைச் சுற்றி மூடியின் வட்டம் பதிந்திருந்தது. வெளியே பார்க்க அது நல்ல கண்தான், மற்றதைப் போலவே பளபளவென்று என்னைப் பார்த்தது. அது என்னைப் பார்க்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. நான் ஓடிப்போய் மூடியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

பதினொரு வயதுக்கு நான் கெட்டிக்காரிதான். அன்று படுக்கையில் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்தேன். கழுதை, நிலை, தேத்தண்ணி, கழுத்து. அப்பா குடிக்கவில்லை. கண் தெரியாது என்று தெரிந்தால் டிப்போவில் ஸ்ரியரிங்கைப் பறித்துவிடுவார்கள். வெறிகாரர் என்று ஊர் சொன்னால் அவமானம் மட்டும்தான். ஆகவே அவமானத்தை எடுத்துக்கொண்டார், பெரிய வெள்ளியைக்கூட விட்டுக்கொடுத்தார். சந்தோஷத்தில் அழுதேன். பிறகு அப்பா வாசிக்க வேண்டும், ஆனால் டிப்போவுக்குத் தெரியக் கூடாது, இதற்கு என்ன வழி என்று யோசித்தேன். வழியும் கண்டுபிடித்தேன்.

பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிர் போனாலும் வெளியே சொல்லமாட்டார் என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருந்தோம். எனவே அதற்குள் வைத்துச் சுவாமிக்குச் சொன்னால் டிப்போவுக்குப் போகாது. சுவாமிக்கு மட்டும் தெரிந்துவிடும். அவர் மூப்பரைக் கூப்பிட்டு, டிறைவரே வாசிக்கட்டும் என்று சொல்லிவிடுவார். எவ்வளவு சுலபம் பாருங்கள்.

சனிக்கிழமை முக்காட்டைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். எங்கள் சுவாமி வயதானவர், பேச்சுக் குறைந்தவர். பிரசங்கத்திலேயே நாலு வசனத்துக்கு மேல் சொல்லமாட்டார். முழங்காலில் நின்று, ஒரு பொய்யை மறைத்து வைத்திருக்கிறேன் என்றேன். ஆருடைய பொய் என்று கேட்டார்.

"அப்பான்ர. அவர் குடிக்கிறேல்லை, சுவாமி. அவருக்கு இடக்கண் தெரியாது."

எங்களுக்கு நடுவே இருந்த கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவருடைய மூச்சு கனத்துக் கேட்டது. கடைசியில், அது உன்னுடைய பாவமில்லை, பிள்ளை என்றார். அப்படியென்றால் அப்பாவை வாசிக்க விடுவீர்களா என்று கேட்டேன்.

"இதுக்குள்ள கேட்டதை நான் வெளியில பாவிக்கேலாது, பிள்ளை. அப்பாவை ஒருக்கால் என்னட்டை வரச் சொல்லு."

நான் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவுக்கு நான் கண்டுபிடித்தது தெரிந்துவிடுமே. சுவாமி வேறு வழி பார்ப்பார் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறினால் சுவாமி இருக்கிறார். மோட்டார் சைக்கிளில் புழுதி கிளப்பிக்கொண்டு திரிகிற மனிதர், அதை நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் வந்திருக்கிறார். குருமாருக்கென்று விட்டு வைக்கிற முன் சீற்றில், இடப்பக்கம், கண்ணாடிக்கு நேரே இருந்தார். அதோடு பேசத் தொடங்கிவிட்டார். வாய் மூடவில்லை. அங்கே இரண்டு கழுதை படுத்திருக்கிறது, என்ன ஆறுதல் பாருங்கள் என்பார். ஒரு மனிசி கை காட்டுகிறாள், பாவம் தலையில் பெட்டி என்பார். சைக்கிளில் ஒரு பொடியன் ஆடி ஆடி வருகிறான் என்பார். மன்னார் வரும்வரை தெருவின் இடப்பக்கம் முழுவதையும் வாசித்துக்கொண்டு வந்தார். அடுத்த நாளும் அப்படித்தான். பின்னேரம் திரும்பும் பஸ்ஸிலும் அப்படித்தான். மூன்று கிழமை ஒரு நாள் தவறாமல் வந்தார்.

சனம் முதலில் சிரித்தது. பிறகு எனக்குப் பின் சீற்றில் இருந்த மீன்கார மாமி ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னது காதில் விழுந்தது. சுவாமி சும்மா வரவில்லையாம். டிறைவர் குடித்திருக்கிறாரா என்று மணந்து பார்க்கக் காவலுக்கு வருகிறாராம். அதைக் கேட்டதும் எனக்குள் என்னவோ கொதித்தது. நான் உள்ளே வைத்து அவ்வளவு சொல்லியும் இந்த மனிதர் நம்பவில்லை. என்னையும் பொய்காரி ஆக்கி, அப்பாவையும் ஊருக்கு முன்னால் காவல் போட்டுக் கொண்டுபோகிறார். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கிற ஒவ்வொரு தரமும் எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. அப்பா மட்டும் அந்த நாட்களில் மெல்லிய குரலில் பாடிக்கொண்டு பஸ் ஓட்டினார். அதற்குக் காரணம் என்ன என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

பெரிய வெள்ளிக்கு முந்திய குருத்து ஞாயிறு வந்தது. பூசை முடிந்து முற்றத்தில் எல்லாரும் குருத்தோலையோடு நின்றார்கள். பிள்ளைகள் ஓலையில் சிலுவை பின்னிக்கொண்டிருந்தார்கள். மூப்பர் பெரிய கிழமை ஒழுங்குகளைச் சொன்னார். பாடுகளை வாசிக்க இன்னொருவரின் பெயரைச் சொல்லிவிட்டு, இதற்கு நிதானமாக நிற்கிற ஆள் வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். இரண்டொருவர் சிரித்தார்கள். அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்தாள். அப்பா ஓலையைக் கிழித்துக்கொண்டு நின்றார்.

நான் முன்னால் போய் நின்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"என்ர அப்பா குடிக்கிறேல்லை. அவருக்கு இடக்கண் தெரியாது. தொலைகாட்டியில மூடி போட்டிருக்க, தெரியுதெண்டு சொன்னவர். நான் கண்டனான்."

மூப்பரின் வாய் திறந்தபடி இருந்தது. கோயில் வாசலில் சுவாமி நின்றார். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அப்பா என்னைப் பார்த்தார். கோபமில்லை. பஸ் நிற்பதற்கு முன் இறங்கிவிட்ட பிள்ளையைப் பார்ப்பது போல ஒரு பார்வை. கூட்டத்தில் டிப்போவில் வேலை செய்கிறவர்கள் மூன்று பேர் நின்றார்கள். அதை நான் அப்போதுதான் கண்டேன்.

செவ்வாய்க்கிழமை டிப்போவில் கூப்பிட்டார்கள். கண் டொக்டர் பார்த்தார். இடக்கண் எப்போதோ போய்விட்டது, வலதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது என்றார். அப்பா பஸ்ஸைக் கிளப்புகிற திறப்பைக் கொடுத்துவிட்டு மத்தியான வெயிலில் நடந்து வந்தார். ஒழுங்கை முனையில் அன்றைக்கு ஹோர்ன் கேட்கவில்லை. அம்மா அவருடைய காக்கிச் சேட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கிழமைக்கணக்காக அதை மணந்து பார்த்த வெட்கம் அவளை விட்டுக் கடைசிவரை போகவில்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒற்றைக் கண்ணோடு அறுபது பேரைக் கொண்டுபோவது சரியில்லை. அன்று செத்தது கழுதை, நாளைக்கு ஒரு பிள்ளையாக இருக்கலாம். டிப்போ செய்தது சரிதான். அதெல்லாம் தெரிந்தும் எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

பெரிய வெள்ளியன்று மூப்பரே வீட்டுக்கு வந்து, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா வாசித்தார். புத்தகத்தை வலப்பக்கம் சரித்துப் பிடித்துக்கொண்டு, இனி ஒருவருக்கும் மறைக்கத் தேவையில்லாமல் வாசித்தார். சனம் முன் ஒருநாளும் அழாத மாதிரி அழுதது. யாருக்காக அழுதார்கள் என்று எனக்குத் தெரியும். நான் கேட்டது கிடைத்துவிட்டது. எழும்பி வெளியே போய்ப் பெருக்குமரத்துக்குக் கீழே இருந்துகொண்டேன்.

ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு அப்பாவுக்கு டிப்போ வாசலில் காவல் வேலை கொடுத்தார்கள். மற்றவர்கள் ஓட்டிப் போகிற பஸ்களுக்குப் படலை திறந்துவிட வேண்டும். சுவாமி பழையபடி மோட்டார் சைக்கிளில் திரிந்தார். காவல் காக்க ஆள் இல்லை, அதுதான் என்று நினைத்து அவரை இன்னும் கூட வெறுத்தேன். அடுத்த வருஷம் அவர் வன்னிப் பக்கம் ஒரு பங்குக் கோயிலுக்கு மாற்றலாகிப் போனார். போகும் நாளில் எல்லாப் பிள்ளைகளும் அவர் கையை முத்தி செய்தபோது நான் பின்னால் ஒளிந்து நின்றேன். அங்கேயே செத்துப்போனார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

சித்தப்பா லீவு முடிந்து போகுமுன் ஒரு பின்னேரம், அப்பா தானாகத் தொலைகாட்டிக்குக் கிட்ட வந்தார். குனிந்து கண்ணை வைக்கப் போனவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இந்தமுறை ரெண்டு மூடியையும் எடுத்திட்டியோ, பிள்ளை?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். சித்தப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. இரட்டைத் தலையைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனவர், பிறகு அதைக் கொண்டு வரவேயில்லை. பலகைக் குழாயில் கோழிகள் முட்டையிட்டன. குழிக் கண்ணாடி உப்புக் காற்றில் புள்ளி விழுந்து, பிற்காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போய்விட்டது.

அப்பாவின் கடைசிக் காலத்தில் அவருக்கு இரண்டு கண்ணும் இல்லை. நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஒரு நாள் பின்னேரம் தெருவில் பஸ் போகிற சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தானாகப் பேசத் தொடங்கினார்.

"அந்த மூண்டு கிழமையும் நான் பயமில்லாமல் ஓட்டினனான், மகள். சுவாமி இடப்பக்கம் இருந்து எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர். எனக்கு அந்தப் பக்கம் கண் வந்த மாதிரி. அந்த மனிசனுக்கு முன்னால மறைச்சு வைக்க வெக்கமாய்ப் போச்சு. பெரிய புதன் பாவசங்கீர்த்தனத்தில நானாப் போய்ச் சொல்லிப்போட்டு, டிப்போவிலையும் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

நான் அவருடைய போர்வையைச் சரிசெய்தேன்.

"நீ முற்றத்தில சொல்ல மூண்டு கிழமைக்கு முதலே அவருக்குத் தெரியும். நான் ஒரு சீவனுக்கும் சொல்லேல்லை. மாதா சொல்லியிருக்க வேணும் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருக்கிறன். அதை நினைச்சால் இண்டைக்கும் ஒரு ஆறுதல்."

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கேட்ட மூச்சு எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. கேட்டதை வைத்து ஒன்றும் செய்ய முடியாத அந்த மனிதர், யாருக்கும் ஒரு சொல் சொல்லாமல், ஒரு சீற்றில் போய் இருந்தார். அந்தச் சீற்றைத்தான் நான் அவமானம் என்று நினைத்துக் கத்தினேன். நாலு நாள் பொறுத்திருந்தால் அப்பா தன் வாயாலேயே சொல்லியிருப்பார்.

அப்பா முகத்தை என் பக்கம் முழுதாகத் திருப்பினார்.

"வேற ஆர் சொல்லியிருப்பினம், மகள்?"

அவரிடம் மிச்சமிருந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

"ஒருத்தரும் இல்லை, அப்பா" என்றேன். "மாதாதான்."